ஊடுபுள்ளி: கை இழுத்த கோடும் கணினி கற்ற கோடும்

இயந்திரம் படம் வரையக் கற்றுக்கொண்டபின் மனிதர் கையால் வரைவானேன் என்னும் கேள்வி இன்று எங்கும் கேட்கிறது. ஓவியரும் எழுத்தாளரும் இதனை நேற்றுப் பிறந்த கேள்வியாகவே எதிர்கொள்கின்றனர். தமிழரைப் பொறுத்தவரை இதற்கு ஐம்பது வயதாகிவிட்டது. நம் வீட்டு வாசலில் விடியலில் பிறந்து மாலைக்குள் காலடியில் அழிந்துவிடும் ஒரு கலையைக் கணினிக்குக் கற்பிக்கும் வழி 1970களிலேயே வகுக்கப்பட்டுவிட்டது. அதன்பின் அக்கலைக்கு என்ன நேர்ந்தது, சிங்கப்பூரின் அஞ்சடிகளிலும் அடுக்குமாடித் தாழ்வாரங்களிலும் அது எவ்வாறு தொடர்ந்தது, அதனோடு வந்த எது நம் கையை விட்டு நழுவிக்கொண்டிருக்கிறது என்பதை இவ்வுரையில் ஆராய முற்படுகிறோம். அக்கலை கோலம்.

சென்னையை அடுத்த தாம்பரத்தில், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக விளங்கியவர் கிஃப்ட் சிரோமணி (1932–1988). ஒரு துறைக்குள் அடங்கி நின்றவரல்லர். மாமல்லபுரத்துச் சிற்பங்கள், பழந்தமிழ்க் கல்வெட்டெழுத்துகள், சிந்துவெளிக் குறியீடுகள் எனப் பலவற்றை ஆராய்ந்தார். அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணினி கண்டறியும் முறை பற்றி 1978இல் தம் குழுவினருடன் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். புள்ளியியல் பேராசிரியர் புள்ளிக் கோலத்தைத் தேடிச் சென்றதை நாம் பெயர்ப் பொருத்தம் என்றே கொள்ளலாம். அவரும், அவருடைய துணைவியாரும் கணித அறிஞருமான ராணி சிரோமணியும், பின்னாளில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய கமலா கிரிதிவாசனும் இணைந்து எழுதிய ஒரு கட்டுரை 1974இல் அனைத்துலக ஆய்விதழ் ஒன்றில் வெளியாயிற்று. கணினி வரைவியலுக்கும் படிமப் பகுப்பாய்வுக்கும் உரிய அவ்விதழில், கட்டுரையின் தலைப்பிலேயே ‘கோலம்’ என்னும் தமிழ்ச்சொல் இடம்பெற்றிருந்தது.

அவர்கள் எடுத்துக்கொண்ட கருவி இலக்கணம். அமெரிக்க மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1950களில் ஒரு கருத்தை முன்வைத்திருந்தார். எண்ணி முடிக்கத்தக்க சில விதிகளைக் கொண்டு எண்ணி முடியாத அளவு வாக்கியங்களை ஆக்கலாம் என்பது அதன் சாரம். சொற்களுக்கு உரிய அவ்விதிகளைப் படங்களுக்கும் விரித்தால் என்ன என்று தாம்பரத்தார் எண்ணினர். வாக்கியம் இடமிருந்து வலமாக ஒரே திசையில் வளர்வது. படமோ குறுக்கிலும் நெடுக்கிலும் வளர்வது. எனவே முதலில் கிடைவரிசையை ஒரு விதித்தொகுதியால் வளர்த்து, பின்னர் அவ்வரிசையின் ஒவ்வோர் இடத்திலிருந்தும் செங்குத்தாக வேறொரு விதித்தொகுதியால் வளர்க்கும் முறையை 1972இல் வகுத்தனர். ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக ஒரு சிறு கட்டத்தையும், கட்டத்துக்குள் ஒரு புள்ளியையும், அதனைச் சுற்றிய வளைவையும் வைத்தால் எழுத்துகளின் அணிவரிசை கோலமாகிவிடுகிறது. இவ்வாறு விதிகளால் விளையும் படங்களின் தொகுதிக்கு அத்துறையில் வழங்கும் பெயர் ‘படமொழி’. கோலத்தை மொழி என்று அழைத்தது கவிஞர்களுக்கு முன் கணிதம் என்பதை மொழிக்கென அமைந்த இவ்வவை மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்ளலாம்.

அவ்விதிகளைத் தாம்பரத்தார் புதிதாகப் படைத்துவிடவில்லை. கோலம் போடுவோரிடம் அவை முன்னரே சொற்களாக இருந்தன. “பதினைந்து புள்ளி, எட்டு வரை, ஊடுபுள்ளி” என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொன்னால் போதும். முழுக் கோலத்தின் சட்டகமும் கைமாறிவிடும். நடுவரிசையில் 15 புள்ளிகள். அதன் மேலும் கீழும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு புள்ளி குறைத்து, 14, 13 என எட்டுக்கு இறங்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் முந்தைய வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு ஊடே விழ வேண்டும். கூட்டிப் பார்த்தால் 169 புள்ளிகள், உருவம் அறுகோணம். “ஏழு புள்ளி, ஒன்று வரை, நேர்ப்புள்ளி” என்றால் வேறு கணக்கு. இங்கே புள்ளிகள் ஒன்றன்நேர் ஒன்று நிற்கும். இரு முனையிலும் ஒவ்வொன்று குறைந்து 7, 5, 3, 1 என இறங்கும். மொத்தம் 25 புள்ளிகள், உருவம் சாய்சதுரம். ஆறேழு சொற்களில் ஒரு வடிவியல் அடங்கிவிடுகிறது. இதனை எழுதிவைத்த சுவடி எதனையும் நாம் தேடவேண்டியதில்லை. வாய்மொழியே போதுமானதாக இருந்திருக்கிறது.

சிக்குக் கோலத்தின் கணக்கு இன்னும் வியப்புக்குரியது. புள்ளிகளைத் தொடாமல், அவற்றைச் சுற்றிச் சுற்றி, எல்லையில் திரும்பி, தன்னைத்தானே வெட்டிக்கொண்டு, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் கோடு அது. நீள்சதுரமாகப் புள்ளி வைத்து, இடையில் எங்கும் கோட்டைத் திருப்பாமல், ஓரங்களில் மட்டும் திருப்பி இழுத்தால் எத்தனை தனிக் கோடுகள் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். வரிசைகளின் எண்ணிக்கையையும் வரிசைக்குரிய புள்ளிகளின் எண்ணிக்கையையும் ஒருங்கே வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை கோடுகள். மூன்று வரிசையில் நான்கு நான்காக வைத்தால் ஒரே கோடு. நான்குக்கு ஆறு என்றால் இரண்டு. நான்குக்கு நான்கு என்றால் நான்கு. கோட்டை ஒரே இழையாக முடிக்க விரும்புகிறவர் எந்த எண்களைத் தவிர்க்க வேண்டும் என்பதைப் பழக்கத்தால் அறிந்திருப்பார். மீப்பெரு பொது வகுத்தி என்னும் பெயர் அவருக்குத் தேவைப்பட்டதில்லை.

ஆப்பிரிக்காவின் அங்கோலாவில் வாழும் சோக்வே மக்களிடம் ‘சோனா’ எனப்படும் மணற்கோலம் உண்டு. புள்ளிகளை வைத்து, கதை சொல்லிக்கொண்டே விரலால் கோடிழுப்பர், வரைவோர் ஆடவர். மொசாம்பிக் நாட்டுக் கணித அறிஞர் பாவ்லுஸ் கெர்டெஸ் அதனையும் நம் கோலத்தையும் ஒப்புநோக்கி ஆராய்ந்தார். கணக்கு ஏறத்தாழ ஒன்றே. ஆனால் காலனி ஆட்சிக் காலத்தில் சொல்லிக்கொடுப்போரும் கற்போரும் அருகிப்போக, சோனாவின் பெரும்பகுதி நினைவிலிருந்தே மங்கிப்போயிற்று. இவ்வொப்பீட்டுக்கு நாம் மீண்டும் வருவோம்.

விதிக்கு உட்பட்டு நிற்கும் கலையைத் தாழ்வாகக் கருதுவது இக்காலத்து வழக்கம். ‘இயந்திரத்தனமானது’ என்னும் சொல்லை வசையாகவே வழங்குகிறோம். நம் மரபு அவ்வாறு கருதியதில்லை. சித்திரகவி என்றொரு வகை தமிழில் உண்டு. நாகத்தின் பின்னலிலும் தேரின் தட்டுகளிலும் எழுத்துகளை நிரப்பி, கோடுகள் வெட்டும் இடத்து எழுத்து இரு அடிக்கும் பொதுவாக நிற்குமாறு பாடுவது. தண்டியலங்காரம் இலக்கணம் கூறும் கலை. இச்சிங்கப்பூரிலேயே 1887இல், யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதர் ‘சிங்கைநகர் அந்தாதி’யோடு சித்திரகவிகளையும் பாடி வெளியிட்டார். அவ்வாண்டில் தொடங்கிய ‘சிங்கைநேசன்’ வார இதழை வெளியிட்ட தீனோதய அச்சகத்திலேயே அந்நூலும் அச்சாயிற்று. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து, இடவலம் மாறிய கோலத்தில் அடுக்கிய காலம் அது. புலவரின் கட்டுப்பாட்டுக்கு மேல் அச்சுக்கோப்பவரின் கட்டுப்பாடும் அந்நூலின் பக்கங்களில் உண்டு. சிக்குக் கோலத்தில் இரு கோடுகள் வெட்டும் இடத்தையும் சித்திரகவியில் இரு அடிகள் வெட்டும் எழுத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், கையால் செய்வது என்பதற்குக் கட்டின்றிச் செய்வது என்று நம் முன்னோர் பொருள்கொள்ளவில்லை என்பது புலனாகும்.

தாம்பரத்துக்குத் திரும்புவோம். சிரோமணி குழுவினர் பிற்காலத்தில் கோலத்தின் உருவத்தை விட்டு, அதனை இழுக்கும் கையைக் கவனிக்கத் தொடங்கினர். நேரே போதல், பாதி வளைதல், முழுதும் சுற்றித் திரும்புதல் என்று கோலக் கோட்டைச் சில அடிப்படை அசைவுகளாகப் பிரித்தனர். இதற்கிடையே கடல் கடந்த வேறொரு துறை இங்கு வந்து சேர்ந்தது. அங்கேரியில் பிறந்த உயிரியலாளர் அரிஸ்டிட் லின்டன்மேயர் 1968இல் பாசியின் வளர்ச்சியை விளக்க ஒரு விதிமுறையை வகுத்திருந்தார். கனடாவில் பணியாற்றிய கணினியியல் அறிஞர் பிரெமிஸ்லாவ் புருசின்கீவிச் அம்முறையைக் கொண்டு 1980களில் செடிகொடிகளைத் திரையில் வளர்த்தபோது, அதே விதிகளால் கோலங்களையும் வரைந்து காட்டினார். பாம்புக் கோலமும், கண்ணனின் தண்டை என்று பொருள்படும் பெயருடைய கோலமும் அவருடைய எடுத்துக்காட்டுகள். செடி கிளைப்பதையும் கோலம் விரிவதையும் ஒரே இலக்கணம் ஆண்டது. கணினி அரிசிமாவின்றிக் கோலமிட்டது; கோடு ஓரிடத்திலும் பிசகவில்லை.

இதன்பின் கோலம் அழிந்திருக்க வேண்டும் என்பது இன்றைய அச்சங்களின் தருக்கம். அது அழியவில்லை. அச்செய்தி வாசல்களை எட்டவே இல்லை என்பதும் உண்மை. எட்டியிருந்தாலும் வேறுபாடு விளைந்திராது என்பதே நம் கருத்து. மாசி மாதத் தொடக்கத்தில் தெருவை நுண்மணலால் அணிசெய்யும் பெண்களை நாச்சியார் திருமொழியின் தொடக்கத்திலேயே காண்கிறோம். அவ்வணியின் பயன் காமனை வேண்டுதல். இன்றைய வாசலில் அதன் பயன் திருமகளை வரவேற்றல். மார்கழியில் ஒன்று, இழவு வீட்டில் கோலமின்மை என்று வேறொன்று. கோலமிட்ட வாசல் இவ்வீட்டில் இன்று எல்லாம் நலம் என்று தெருவுக்கு அறிவிக்கிறது. அவ்வறிவிப்பை நேற்றைய கோலம் செய்ய இயலாது; எனவேதான் அது நாள்தோறும் அழிக்கப்பட்டுப் புதிதாக இடப்படுகிறது. கணினி வரைந்த கோலம் பிழையற்றதாக இருந்தும், குனிந்து வாசலைப் பெருக்கிய ஒருவர் அதில் இல்லாமையால், அறிவிப்புக்கு ஆளில்லாமல் போய்விட்டது.

இவ்விளக்கம் நமக்கு மனநிறைவு தருகிறது. ஆனால் இதனை எல்லாக் கைத்தொழிலுக்கும் நீட்டுவது பிழையாகும். சென்னையின் அண்ணா சாலையில் வானளாவ நின்ற திரைப்படப் பதாகைகளை எண்ணிப் பாருங்கள். ஏணியில் ஏறி, கட்டம் கட்டமாகப் பிரித்து, நடிகர் முகத்தை ஆளுயர மூக்கோடு வரைந்த ஓவியர்கள் 1990கள் வரை அத்தொழிலில் இருந்தனர். கணினியில் அச்சிட்ட நெகிழித்திரை வந்த சில ஆண்டுகளில் அத்தொழில் ஏறத்தாழ இல்லாமற்போயிற்று. கோலம் போடுபவருக்கும் பதாகை வரைந்தவருக்கும் கைத்திறனில் ஏற்றத்தாழ்வு கற்பிக்க இயலாது. கோலத்தைப் போடுபவரே அதன் உடைமையாளர், அவரே முடிவெடுப்பவர். பதாகைக்குப் பணம் கொடுப்பவர் வேறொருவர். மலிவானதும் விரைவானதும் அவருடைய தேர்வு. கையால் செய்வதைத் தேர்ந்தெடுத்தல் என்று நாம் பெருமையோடு பேசும்போது அத்தேர்வு யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். பதாகை ஓவியரிடம் அது ஒருநாளும் இருந்ததில்லை.

இனிச் சிங்கப்பூர். 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரமைப்பு, கடைவீடுகளின் முன்னே தொடர்ச்சியான மூடுநடை இருக்க வேண்டும் என்று விதித்தது. தமிழர் அதனை அஞ்சடி என்றனர். சிராங்கூன் சாலைப் பகுதியில் கோலம் விழுந்த தரை அது. வீட்டுக்கும் தெருவுக்கும் பொதுவான அந்நடையில் விடியலில் இட்ட கோலம் கடை திறக்கும்வரை கூடத் தாங்கியிராது. பின்னர், 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. அடுத்த தலைமுறைக்குள் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்கள் மண்தரையையும் அஞ்சடியையும் விட்டு அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தன. லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது 1989இல். வீடமைப்புப் பேட்டைகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்புக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். கட்டடங்கள் ஓரிடத்தில் காக்கப்பட, அவற்றின் பண்பாட்டுக்கு உரியவர்கள் தீவெங்கும் பரவினர் என்று அவ்வாண்டைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

மேல்மாடித் தாழ்வாரம் கோலத்துக்கு இசைவான இடமன்று. சாணம் தெளிக்கத் தரையில்லை. சிமெண்டுத் தளத்தில் மாவு பற்றுவதில்லை. காற்று அதனைப் பக்கத்து வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. அவ்வீட்டார் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருக்கலாம். அவர்கள் காலணி வைக்கும் இடமும் அதுவே. இவ்விடர்களுக்கிடையில் கோலம் பல வேடம் பூண்டது. சிலர் ஈரமாக்கோலத்துக்கு மாறினர். சிலர் சுண்ணக்கட்டியால் வரைந்தனர். சிலர் வெள்ளைச் சாயத்தால் நிலையாகத் தீட்டிவிட்டனர். துளையிட்ட உருளையும் கோல அச்சும் வந்தன. இறுதியாக வந்தது ஒட்டுக்கோலம். தேக்காவின் கடைகளில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அடுக்கடுக்காகத் தொங்கும் நெகிழித்தாள். பின்புறத்தை உரித்து ஒட்டினால் வேலை முடிந்தது. இதனை வாங்குவோரை நாம் குறைகூற மாட்டோம். பணிக்குப் போகிற இருவர், பள்ளிக்குப் போகிற பிள்ளைகள், குனிய இயலாத முதியவர் என்று இருக்கும் வீட்டில் வாசல் வெறுமையாக இருப்பதைவிட அது மேல் என்று அவர்கள் கருதுகிறார்கள். செயற்கை நுண்ணறிவு வருவதற்கு நெடுநாள் முன்பே, உழைப்பின்றி உருவத்தை மட்டும் பெறும் வசதி நம் வாசலுக்கு வந்துவிட்டது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

எதிர்த்திசையிலும் ஓர் இயக்கம் நிகழ்ந்தது. வீட்டு வாசலில் சுருங்கிய கோலம் பொதுவெளியில் பெருகிற்று. விஜயலட்சுமி மோகன் தம் குழுவினருடன் 2003 ஆகஸ்டில் வாம்போ சமூக மன்றத்தில் இட்ட ரங்கோலி 2,756 சதுர மீட்டர் பரப்புடையது. கின்னஸ் உலகச் சாதனையாக அது பதிவாயிற்று. சுதா ரவியும் அவர் மகளும் 2023 பொங்கலையொட்டி லிட்டில் இந்தியாவில் காட்சிக்கு வைத்த படைப்பு, ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர். 26,000 பனிக்கூழ்க் குச்சிகளால் ஆனது. முடிக்க ஒரு மாதம் ஆயிற்று. திருவள்ளுவரும் ஔவையாரும் பாரதியாரும் பாரதிதாசனும் அதில் இடம்பெற்றனர். இப்படிமத்தைக் கணினியில் ஒரு நொடியில் பெறலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்த காலத்தில் அது செய்யப்பட்டது. பார்க்க வந்தவர்கள் வள்ளுவரின் முகத்தைக் காண்பதற்கு முன் குச்சிகளையே எண்ண முயன்றிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமன்று. கைவேலையின் அளவும் நேரமும் இங்கே படைப்பின் பகுதிகளாகிவிட்டன.

ஆயினும் அவ்விரண்டும் வழங்கப்பட்ட பெயரைக் கவனியுங்கள்: ரங்கோலி. வடபுலத்திலிருந்து வந்த அச்சொல் தூவப்பட்ட வண்ணப்பொடி ஓவியத்தைக் குறிப்பது. புள்ளிக் கணக்கை அது கேட்பதில்லை. சிங்கப்பூரில் தமிழர் உள்ளிட்ட எல்லாரும் இன்று இரண்டையும் பெரும்பாலும் அவ்வொரு சொல்லாலேயே அழைக்கிறோம். சொல் மாறியதில் நமக்கு வழக்கேதும் இல்லை. மொழிகள் சொற்களை வாங்குவது இயல்பு. அச்சொல்லோடு எவை வராமல் நின்றுவிட்டன என்பதே நம் கவலை. நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி, சிக்கு, கம்பி, நெளி, சுழி, இழை, படி, காவி கட்டுதல் ஆகிய சொற்கள் கோலம் என்னும் சொல்லின் வீட்டுக்குள் குடியிருந்தவை. கையால் கோலம் போடும்போது இச்சொற்களில் சிலவாவது வாயில் வந்தே தீரும். சொல்லிக்கொடுக்கையில், “அங்கே இல்லை, ஊடே வை” என்று சொல்லாமல் ஒரு சிறுமியின் விரலைத் திருத்த முடியாது. ஒட்டுக்கோலத்தை வாங்க விலையைக் கேட்டால் போதும்.

சோனாவின் ஒப்பீட்டுக்கு இங்கே மீள்கிறோம். விதி மறக்கப்பட்டதனால் மட்டும் சோனா மங்கவில்லை. விதியைச் சொல்லிக்கொண்டே வரைந்த கதைசொல்லிகள் குறைந்தபோது வரைவும் குறைந்தது. சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடிவாசிகளில் வீட்டில் ஆங்கிலத்தை அதிகம் பேசுவோர் 48.3 விழுக்காடு, தமிழை அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காடு. மொழி எங்கே தேய்கிறது என்று வகுப்பறையிலும் ஊடகத்திலும் தேடுகிறோம். குனிந்து செய்கிற வேலைகளிலும் தேட வேண்டும். பூத்தொடுத்தல், மாவரைத்தல், கோலமிடுதல் போன்றவற்றில்தான் கட்டளைச் சொற்களும் திசைச் சொற்களும் எண்ணுப் பெயர்களும் நாள்தோறும் புழங்கின.

இந்நிலையில் இன்றைய இயந்திரத்தைத் தாம்பரத்து இயந்திரத்தோடு ஒப்பிடுவது பயன் தரும். 2022 முதல் பரவிய படவாக்கக் கருவிகள் விதியைக் கற்பதில்லை. இணையத்திலிருந்து திரட்டிய படங்களைக் கொண்டு, எதன் அருகில் எது வருதல் இயல்பு என்று பழகுகின்றன. அவற்றுள் பெயர்பெற்ற ஒன்றுக்கு மூலமாக அமைந்த தொகுப்பில் ஏறத்தாழ 585 கோடிப் படங்களின் முகவரிகளும் அவற்றுக்குரிய விளக்கச் சொற்களும் இருந்தன. இக்கருவிகள் தரும் சிக்குக் கோலத்தைத் தொலைவிலிருந்து பார்த்தால் குறையொன்றும் தெரியாது. விரலை வைத்துக் கோட்டைத் தொடர்ந்தால் அது பாதி வழியில் மறைவதையோ, ஒரு புள்ளி சுற்றப்படாமல் தனித்து நிற்பதையோ காண நேர்கிறது. இக்குறை நாளையே நீங்கலாம். எனவே நம் வாதத்தை அதன்மேல் கட்ட விரும்பவில்லை. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. தாம்பரத்தார் கோலத்தைக் கணினிக்குள் கொண்டுபோக, புள்ளி என்றால் என்ன, கம்பி என்றால் என்ன என்று அறிய வேண்டியிருந்தது. ‘கம்பிக் கோலம்’ என்னும் தொடரே அவர்களுடைய ஆங்கிலக் கட்டுரையின் தலைப்பில் ஏறியது. இன்றைய கருவிக்கு அச்சொற்கள் வேண்டா. படம் மட்டும் போதும். போட்டவரிடம் எதனையும் கேட்காமலே அது எடுத்துக்கொள்ளப்படுகிறது.

கேட்டல் என்பது சிங்கப்பூரில் அண்மையில் பேசுபொருளானது. தென்கிழக்காசிய மொழிகளை அறிந்த பெருமொழி மாதிரியை உருவாக்க 7 கோடி வெள்ளித் திட்டம் ஒன்று 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. ‘சீ லயன்’ என்னும் அம்மாதிரிகள் பழகும் மொழிகளில் தமிழும் ஒன்று. 2024இல் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம், உள்ளூர் எழுத்தாளர்களின் படைப்புகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்த இசைவார்களா என்று அவர்களிடமே கருத்துக் கேட்டது. பலர் தயங்கினர், சிலர் வெளிப்படையாக மறுத்தனர். எதற்காக, எவ்வளவு காலம், என்ன ஈட்டுக்கு, எத்தகைய காப்போடு என்பன அவர்கள் எழுப்பிய வினாக்கள். 2021ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், முறையாகப் பெற்ற படைப்புகளைக் கணினிவழிப் பகுப்பாய்வுக்காகப் படியெடுக்க அதன் 244ஆம் பிரிவில் இடமளிக்கிறது. அவ்வாறிருந்தும் கேட்டார்கள் என்பதையும், கேட்டதால்தான் மறுக்க முடிந்தது என்பதையும் நாம் ஒருசேரக் குறித்துவைக்கிறோம். தமிழ் போன்ற மொழிக்கு இது எளிய முடிவன்று. கொடுக்காவிட்டால் இயந்திரம் நம்மை அறியாது. அரைகுறைத் தமிழையே பேசும். கொடுத்தால், கொடுத்தவரின் பிழைப்பையே அது நாளை கேட்கலாம். மறுத்தவர்களையும் இசைந்தவர்களையும் நாம் மதிக்கிறோம். இருவருக்கும் பொதுவாக, அவர்களுக்குப் பெயரும் முகவரியும் இருந்தன.

கோலத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதற்கு ஆசிரியர் பெயர் கிடையாது, பதிப்புரிமை கிடையாது, மாலைக்குள் மூலப்படியும் இல்லை. மாமியாரிடமிருந்து மருமகளுக்கும், அண்டை வீட்டு அக்காளிடமிருந்து சிறுமிக்கும், கோல நோட்டிலிருந்து மார்கழி இதழ்களின் பக்கத்துக்கும் தடையின்றிப் போய்வந்த பொதுச்சொத்து அது. அவ்வாறு போய்வந்ததே அதன் வலிமை. இன்று ஒரு கடை தீபாவளி விளம்பரத்துக்காகக் கருவியிடம் கோலம் கேட்டுப் பெறும்போது, அப்பொதுச்சொத்தை வளர்த்த எவருக்கும் சட்டப்படி இழப்பில்லை. அவ்விளம்பரத்தை முன்னர் வரைந்துகொடுத்த உள்ளூர் வடிவமைப்பாளருக்கு இழப்பு உண்டு. பதாகை ஓவியரின் கதை இங்கே திரும்புகிறது. கேம்பல் லேனிலும் பஃபலோ சாலையிலும் மாலை தொடுப்போருக்கு இதுவரை நெகிழிப்பூவே போட்டி. மல்லிகைச் சரத்தைக் கருவியிடம் கேட்டுப் பெற முடியாது. ஆனால் கண்ணுக்கு மட்டும் விருந்தாகும் வேலைகளைச் செய்வோர் அவ்வாறு காக்கப்பட்டவரல்லர். அவர்களுக்கு அறிவுரை கூறும் இடத்தில் நாம் இல்லை. விழாக்களையும் சுவரொட்டிகளையும் அச்சிடும் தமிழ் அமைப்புகள் தத்தம் பணத்தை எங்கே செலவிடுகின்றன என்பதை மட்டும் கேட்கலாம்.

செய்யத்தக்க ஒரு பணியைச் சொல்லி முடிக்கிறோம். சிங்கப்பூரின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் 1979இல் தொடங்கின. போர்க்காலம், வணிகம், துறைமுகம், கல்வி எனப் பலவற்றைத் தமிழர் அவற்றில் பேசியிருக்கிறார்கள். பேசும் வாயோடு இழுக்கும் கையையும் சேர்த்துப் பதிய வேண்டிய பொருள் கோலம். அஞ்சடியிலும் கம்பத்து வாசலிலும் கோலமிட்ட தலைமுறை இன்று எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டது. அவர்களைத் தரையில் குனியச் சொல்ல வேண்டா. மேசைமேல் ஒரு கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் போதும். கேட்க வேண்டிய கேள்விகளும் சிலவே: எத்தனை புள்ளி, எதுவரை, நேரா ஊடா, யாரிடம் கற்றீர்கள், அவர் இதற்கு என்ன பெயர் சொன்னார். விடையைச் சொன்னவரின் பெயரை, அவர் இசைந்தால், கோலத்தின் கீழேயே எழுதிவிடலாம்.